எத்தனை விழுக்காடு?

பங்குத்தந்தையின் மேசைக்குத் திருமுழுக்குச் சான்றிதழ், திருமண ஓலை, பள்ளிச் சேர்க்கைக்கான பரிந்துரைக் கடிதம் என்று பலவகைத் தாள்கள் வந்து சேரும். அண்மை ஆண்டுகளில் இவற்றோடு இன்னொரு வகைக் கோப்பும் சேர்ந்துகொண்டது. நெகிழி உறைக்குள் ஆதார் நகல், குடும்ப அட்டை நகல், மருத்துவமனைச் சீட்டுகள், பாஸ்போர்ட் அளவுப் படங்கள். எல்லாவற்றிற்கும் மேலே ஒரு மருத்துவச் சான்றிதழ். அந்தச் சான்றிதழில் பெயரைவிட, முகவரியைவிட, நோயின் பெயரைவிட முதன்மையானது ஓர் எண். கோப்பைக் கொண்டுவருவோர் தம்மை அறிமுகம் செய்துகொள்ளும்போதே அந்த எண்ணைத்தான் சொல்கிறார்கள். "நான் அறுபது, சாமி." "எம் மகன் எண்பத்தஞ்சு." "எனக்கு முப்பத்தஞ்சுதான் போட்டாங்க."

மனிதரை எண்ணால் அளக்கும் இவ்வழக்கத்தைக் குறைசொல்வது எளிது. ஆயினும் எண் வருவதற்கு முன்பிருந்த நிலையை நாம் மறந்துவிடலாகாது. உடற்குறை உடையவரின் பிழைப்பு ஒரு காலத்தில் உறவினரின் இரக்கத்தையோ கோயில் வாசலில் நிற்போரின் ஈகையையோ மட்டுமே நம்பியிருந்தது. இரக்கத்திற்கு முறையீடு கிடையாது, உரிமைக்கு உண்டு. 1995-ஆம் ஆண்டின் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை ஏற்று, அவற்றை உடையோர்க்குக் கல்வியிலும் வேலையிலும் இடம் கேட்டது. ஐக்கிய நாடுகள் அவை 2006-இல் நிறைவேற்றிய உடன்படிக்கையை இந்தியா 2007-இல் ஏற்றது. அதன் விளைவாகப் பிறந்த 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது ஏழு வகை இருபத்தொன்றாக விரிந்தது. பார்க்கின்சன் நோய், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், ஹீமோபீலியா, தலசீமியா, அரிவாள் செல் இரத்தசோகை ஆகியன அப்பட்டியலில் இடம்பெற்றன. அதுவரை 'நோயாளி' என்று மட்டுமே அறியப்பட்டவர்க்கு 'உரிமையாளர்' என்னும் தகுதியும் கிடைத்தது. அது சிறிய காரியமன்று.

ஆனால் புதிதாகச் சேர்ந்த இந்நோய்களுக்கு ஒரு பொதுக்குணம் உண்டு. இளம்பிள்ளைவாதத்தால் சூம்பிய கால் திங்கட்கிழமை எப்படியோ அப்படியேதான் வெள்ளிக்கிழமையும் இருக்கும். அதை ஒருமுறை அளந்தால் போதும். மேற்சொன்ன நோய்களோ வரும், போகும், தணியும், சீறும். காலையில் நடக்கவைத்து மாலையில் கிடத்திவிடும். சட்டம் இந்நோய்களின் பெயரை ஏற்றுக்கொண்டது. இவற்றின் போக்கையோ இவற்றை அளக்கும் முறை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஒருவரை ஒரு நாள், ஒரு மேசையின் முன், சில நிமிடங்கள் பார்த்து விழுக்காடு எழுதும் வழக்கமே பெரும்பாலும் தொடர்கிறது.

எம் பங்கில் ஒரு தையற்காரர் இருக்கிறார். நாற்பத்தாறு வயது. முதலில் அவருக்கு ஒரு கண் மங்கியது; சில வாரங்களில் தெளிந்தது. அடுத்த ஆண்டு இடக்கால் மரத்தது. அதுவும் ஏறக்குறையச் சரியாயிற்று. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று உறவினர் பேசத் தொடங்கிய நேரத்தில், நகரத்து நரம்பியல் மருத்துவர் ஒருவர் மூளையைப் படமெடுத்துப் பார்த்து, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார். உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே நரம்புகளின் மேலுறையை அரித்துவிடும் நோய் அது. மின்கம்பியின் உறை கிழிந்தால் மின்சாரம் ஒழுகிப்போவதுபோல் மூளையின் கட்டளை காலுக்குப் போய்ச்சேராது. இந்நோய்க்கு வெப்பம் ஆகாது. உடல் சூடேறினால் அறிகுறிகள் கடுமையாவதை ஊட்டாஃப் என்னும் செருமானிய மருத்துவர் 1890-ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்துள்ளார். நம் ஊர்ச் சித்திரை வெயிலை நினைத்துப் பாருங்கள். கத்திரி நாள்களில் அம்மனிதர் தையல் எந்திரத்தின் மிதிபலகையில் கால் வைத்தால், கால் அங்கே இருப்பதே அவருக்குத் தெரிவதில்லை. பிற்பகல் இரண்டு மணிக்குமேல் கத்தரிக்கோலைப் பிடிக்கமாட்டார். கழிப்பறைக்குச் செல்ல மனைவியின் தோள் வேண்டும்.

அவருக்கு மருத்துவ வாரியத்தின் அழைப்பு வந்தது திருவருகைக் காலத்தில், மார்கழிக் குளிரில், காலை பத்து மணிக்கு. முதல்நாள் முழுவதும் அவர் படுத்து ஓய்வெடுத்திருந்தார். அரசு அலுவலகத்தில் விழுந்துவிடக்கூடாதே என்னும் அச்சம். மனைவி சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். ஆட்டோவில் போய் இறங்கி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்து, அறை வாசலில் கையை விட்டுவிட்டுத் தனியே உள்ளே போனார். பெரியவர்கள் முன்னால் மனைவியைப் பிடித்துக்கொண்டு நிற்பதா என்னும் கூச்சம். கையை உயர்த்தச் சொன்னார்கள், உயர்த்தினார். நடக்கச் சொன்னார்கள், நடந்தார். "வேலைக்குப் போறீங்களா?" என்று கேட்டார்கள். "போறேன் சார்" என்றார். பொய்யன்று; போகிற நாள்களில் போகிறார். போகாத நாள்கள் எத்தனை என்று யாரும் கேட்கவில்லை. முப்பத்தைந்து விழுக்காடு என்று எழுதப்பட்டது.

அன்று மாலையே அவர் மனைவி பங்கு இல்லத்திற்கு வந்தார். அழவில்லை, யாரையும் ஏசவில்லை. சற்றுநேரம் நின்றுவிட்டு, "சாமி, சட்டைய தேய்க்காமக் குடுத்திருக்கணுமோ?" என்று கேட்டார்.

வறியவர் தம் வறுமையை மறைத்து நிற்பதற்குப் பெயர் மானம். நம் மக்கள் எத்தனையோ இழந்தாலும் இதை இழக்க விரும்புவதில்லை. அரசின் உதவியைப் பெறுவதற்கு இதையே முதலில் வாசலில் கழற்றி வைக்கவேண்டும் என்றால், அந்த ஏற்பாட்டில் எங்கோ கோளாறு இருக்கிறது. தலைவாரிச் சென்றவர் குறைவாகவும், தலைவிரித்துச் சென்றவர் கூடுதலாகவும் பெறுவார் என்னும் நம்பிக்கை மக்களிடையே பரவிவிட்டது. அது உண்மையா இல்லையா என்பது வேறு. அப்படி நம்புகிற மக்கள் அடுத்தமுறை நடிக்கக் கற்றுக்கொள்வார்கள். பின்னர் அந்த நடிப்பையே காரணம் காட்டி அளவுகோலை இன்னும் இறுக்குவார்கள்.

முப்பத்தைந்துக்கும் நாற்பதுக்கும் இடையே அப்படி என்ன வேறுபாடு என்று கேட்கலாம். சட்டத்தின் பெரும்பாலான சலுகைகளுக்கு நாற்பதுதான் வாசல். தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகைக்குப் பொதுவாக எழுபத்தைந்து வேண்டும். அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு போன்ற சில பிரிவினர்க்கு நாற்பது போதும். அத்தொகை 2023-இல் மாதம் 2,000 ரூபாயாக இருந்தது; வருவாய்த் துறை வழங்கும் ஓய்வூதியம் அதே ஆண்டு 1,000-லிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்தது. நடுவண் அரசின் ஓய்வூதியத்திற்கு எண்பது விழுக்காடும் வறுமைக்கோட்டுப் பட்டியலில் பெயரும் வேண்டும்; 2012-இல் 300 ரூபாயாக்கப்பட்ட அத்தொகை அதன்பின் பல்லாண்டுகள் அசையவில்லை. 2024-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி அடையாள அட்டையின் நிறமே எண்ணைச் சொல்லிவிடும்: நாற்பதுக்குக் கீழ் வெள்ளை, அதற்குமேல் மஞ்சள், எண்பதைத் தொட்டால் நீலம். தையற்காரர் கையில் இருப்பது வெள்ளை அட்டை.

இந்த எண் எப்படிக் கிடைக்கிறது என்பதையும் சற்றுப் பார்க்கலாம். கை கால்களின் குறைபாட்டுக்கு மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது, தசைக்கு எவ்வளவு வலு என்று அளக்கிறார்கள். இரு குறைபாடுகள் இருப்பின் இரண்டையும் அப்படியே கூட்டுவதில்லை; அதற்கென ஒரு வாய்பாடு இருக்கிறது. ஒன்று ஐம்பது, மற்றொன்று முப்பது எனில் விடை எண்பதன்று, ஏறத்தாழ அறுபத்து மூன்று. கணக்கில் பிழையில்லை. குருமடத்தில் அளவையியல் படித்த எனக்கு இத்தகைய ஒழுங்கின்மேல் மதிப்பும் உண்டு. ஆனால் எந்தக் கோணமானியும் களைப்பை அளக்காது. வலியை அளக்காது. நேற்றையும் நாளையையும் அளக்காது.

பார்க்கின்சன் நோயாளியை எடுத்துக்கொள்ளுங்கள். லெவோடோப்பா மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் அவர் எழுந்து நடப்பார், சட்டைப் பொத்தானைத் தாமே போட்டுக்கொள்வார். மாத்திரையின் வலு இறங்கியதும் நாற்காலியிலேயே உறைந்துவிடுவார். பதினொரு மணிக்குப் பார்க்கும் மருத்துவரும் ஒரு மணிக்குப் பார்க்கும் மருத்துவரும் இரு வேறு மனிதர்களைக் காண்பார்கள். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2005 ஏப்ரலில் இறக்கும்வரை இந்நோயோடு திரு அவையை வழிநடத்தியதை உலகமே தொலைக்காட்சியில் கண்டது. சாளரத்தருகே வந்து அவர் கையசைத்த சில நிமிடங்கள் மட்டுமே நமக்குத் தெரியும். அந்தச் சில நிமிடங்களுக்குப் பின்னால் இருந்த இருபத்து நான்கு மணிநேரத்தை அருகிலிருந்து தாங்கியவர்கள் அறிவார்கள்.

நீலகிரியின் பழங்குடி மக்களிடையே அரிவாள் செல் நோய் பரம்பரையாக வருகிறது. வட்டமாய் இருக்கவேண்டிய இரத்த அணுக்கள் அரிவாள்போல் வளைந்து சிறு குழாய்களை அடைத்துக்கொள்ள, எலும்புக்குள் தாங்கொணா வலி எழும். வலி தணிந்தபின் அந்த இளைஞனைப் பார்ப்பவர்க்கு அவன் உடலில் ஒரு குறையும் தென்படாது. இந்நோயை ஒழிக்க 2023 ஜூலையில் நடுவண் அரசு தேசிய இயக்கம் ஒன்றையே தொடங்கியது, நல்ல முயற்சி. ஹீமோபீலியாவும் அத்தகையதே. முழங்காலுக்குள் இரத்தம் கசிகிற வாரத்தில் அச்சிறுவன் பள்ளிக்குப் போகமாட்டான், மறுவாரம் ஓடியாடுவான். மூட்டு முற்றிலும் கெட்டபின்தான் கோணமானிக்கு அவன் குறை தெரியும். காரண மருந்தும் ஓய்வும் தந்து அம்மூட்டைக் காத்திருக்கவேண்டிய காலம் அதற்குள் கடந்திருக்கும்.

மருத்துவர்களைப் பழிப்பது என் நோக்கமன்று. காத்திருக்கும் கூட்டம் பெரிது, நாற்காலிகள் சில. போலிச் சான்றிதழோடு கல்லூரி இடமும் அரசு வேலையும் தேடுவோர் இருக்கிறார்கள் என்பதும் மெய். கையொப்பமிடும் மருத்துவர் நாளை விசாரணைக்கு ஆளாக நேரிடலாம். கண்ணுக்குப் புலப்படுவதை மட்டும் எழுதினால் அவருக்குப் பாதுகாப்பு. ஆனால் ஒரு நாள் பார்வை ஏமாற்றுவோர்க்கே வசதி என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். ஒரு காலைப்பொழுது நொண்டுவது எளிது. ஆறு மாத மருத்துவமனைப் பதிவேட்டில் நொண்ட முடியாது.

இங்கே என் சொந்தத் துறையிலிருந்து ஒரு செய்தி. மருத்துவ வாரியங்களுள் மிகப் பழையது ஒன்றை லேவியர் நூலில் காணலாம். அதன் உறுப்பினர் குருக்களே. பதின்மூன்றாம் அதிகாரத்தில் தோல்நோய் உடையவரைக் குரு பார்த்துத் தீர்ப்பளிக்கவேண்டும் என்னும் விதிகள் வரிசையாக வருகின்றன. இறையியல் வகுப்பில் நாங்கள் கொட்டாவியோடு கடந்த பகுதி அது. கோப்புகளோடு பழகத் தொடங்கியபின் படித்தால் வேறுவிதமாகத் தெரிகிறது. ஐயம் இருந்தால் குரு உடனே தீர்ப்பளிக்கக்கூடாது. ஏழு நாள் காத்திருந்து மறுபடி பார்க்கவேண்டும். அப்போதும் தெளிவில்லையெனில் இன்னும் ஏழு நாள். நோய் காலத்தில் நகர்வது. அதைக் காலத்தில்தான் பார்க்கமுடியும் என்பதை அப்பழைய சட்டம் அறிந்திருந்தது. அடுத்த அதிகாரத்தில் இன்னொன்று உண்டு: நலமடைந்தவரைச் சோதிக்கக் குருதான் பாளையத்திற்கு வெளியே அவரிடம் போகவேண்டும். நம் காலத்திலோ படுக்கையில் கிடப்பவர்தான் முகாமுக்கு வந்து சேரவேண்டும். அச்சட்டத்தின் கடுமைகளை நான் மறக்கவில்லை. ஊருக்குப் புறம்பே தள்ளப்பட்டவர்களின் துயரம் பெரிது. ஆயினும் பார்க்கும் முறையில் அது நம்மைவிடப் பொறுமையாக இருந்தது.

அவ்வளவு தொலைவு போகவும் வேண்டாம். நம் நாட்டு உளநோய் மருத்துவர் சங்கம் 2002-இல் உருவாக்கிய அளவுகோல் ஒன்று மனநோய்க்கான மதிப்பீட்டில் பயன்படுகிறது. தன்னைப் பேணிக்கொள்ளுதல், பிறரோடு பழகுதல், பேசிப் புரிந்துகொள்ளுதல், வேலை என்னும் நான்கையும் அது கேட்கிறது. உடனிருப்போரின் வாக்குமூலத்தையும் ஏற்கிறது. நோய் எத்தனை ஆண்டுகளாக வாட்டுகிறது என்பதற்கும் தனி மதிப்பெண் தருகிறது. மனத்தின் நோய்க்கு இப்படிக் கேட்கத் தெரிந்த நமக்கு, நரம்பின் நோய்க்கும் இரத்தத்தின் நோய்க்கும் அவ்வாறே கேட்பதில் என்ன தடை?

விதியை மாற்றினால் மட்டும் போதாது என்பதற்குப் பிரித்தானியா ஒரு பாடம். உடற்குறையுடையோர்க்கு அந்நாடு 2013-இல் கொண்டுவந்த உதவித்தொகையின் விதிகள் தாளில் சிறந்தவை. ஆண்டின் பாதிக்கும் மேற்பட்ட நாள்களில் ஒருவரால் ஒரு செயலைச் செய்ய இயலாதெனில், இயலாது என்றே கொள்ளவேண்டும். செய்வதும் பாதுகாப்பாக, திரும்பத் திரும்ப, போதிய நேரத்திற்குள் செய்வதாக இருக்கவேண்டும். ஒருமுறை மாடியேறி அதன்பின் இரண்டு நாள் படுத்தவரை மாடியேறக்கூடியவர் என்று எழுத முடியாது. வரப்போகும் மாற்றங்களுக்கு நம் அதிகாரிகள் இதைப் படித்தல் நன்று. ஆனால் அதே விதிகள் உயர்ந்த நடமாட்டத் தொகைக்கான தொலைவை ஐம்பது மீட்டரிலிருந்து இருபது மீட்டராகச் சுருக்கின. தனியார் நிறுவனங்களின் மதிப்பீட்டாளர்கள் கணினியின் கட்டங்களை நிரப்பினார்கள். மறுக்கப்பட்டு, தீர்ப்பாயத்தின் விசாரணைவரை சென்ற முறையீடுகளில் பாதிக்கும் மேற்பட்டவை பல ஆண்டுகள் விண்ணப்பித்தவர்க்கே சாதகமாக முடிந்தன. 2025-இல் தகுதியை மேலும் இறுக்க முயன்ற அரசு, தன் கட்சி உறுப்பினர்களின் எதிர்ப்பாலேயே பின்வாங்கியது.

நம் உச்ச நீதிமன்றம் இவ்வகையில் முன்னே நடந்திருக்கிறது. எழுதும்போது விரல்கள் இறுகிவிடும் நரம்புக் கோளாறுடைய தேர்வர் ஒருவர்க்கு, நாற்பதை எட்டவில்லை என்று சொல்லி எழுத்தர் உதவி மறுக்கப்பட்டது. நாற்பது என்பது சில சலுகைகளுக்கான வரம்பே, அதற்குக் கீழிருப்பவர் மாற்றுத்திறனாளி அல்லர் என்று பொருளாகாது என 2021 பிப்ரவரியில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 அக்டோபரில், மருத்துவக் கல்வி தொடர்பான வழக்குகளில், விழுக்காட்டை மட்டும் பார்த்து ஒருவரை ஒதுக்கலாகாது, அவரால் என்ன இயலும் என்பதை வாரியம் ஆராயவேண்டும் என்றது. கல்லூரி வாசலில் 'என்ன இயலும்' என்று கேட்கவேண்டுமெனில், ஓய்வூதிய மேசையில் 'என்ன இயலவில்லை, எத்தனை நாள் இயலவில்லை' என்று கேட்பதும் அதே நீதிதான்.

ஆகவே, ஏற்றமும் இறக்கமும் உடைய நோய்களுக்கு ஒரு நாள் சோதனையை முடிவான சான்றாகக் கொள்ளக்கூடாது என்பதே நான் வேண்டுவது. ஆண்டுக்கணக்கில் சிகிச்சை தரும் மருத்துவரின் குறிப்பு வாரியத்தின் முன் கட்டாயம் வைக்கப்படவேண்டும். உடன் வாழ்பவரை அறைக்கு வெளியே நிறுத்தாமல் உள்ளே அழைத்துக் கேட்கவேண்டும். குணமாகாது என்று மருத்துவமே சொல்லும் நோய்க்குக் காலவரம்புள்ள சான்றிதழ் கொடுத்து மீண்டும் மீண்டும் அலைய வைப்பதை நிறுத்தவேண்டும். பிறவியிலேயே பார்வையற்றிருந்து பார்வை பெற்றவனை எத்தனைமுறை கூப்பிட்டு விசாரித்தார்கள் என்பதை யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் வாசகர் படித்திருப்பீர்கள். ஒரு கட்டத்தில் அவனே சலித்துப்போய் எதிர்க்கேள்வி கேட்கிறான். நம் மக்கள் அவ்வளவு துணிவோடு கேட்பதில்லை.

கேட்க இடமிருப்பதே பலர்க்குத் தெரியாது. சான்றளித்தவரின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமையைச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு தருகிறது. தையற்காரர் குடும்பத்திற்கு இதை எடுத்துச் சொன்னபோது, அரசாங்கத்தோடு வழக்காடுவதா என்று அவர் தயங்கினார், மனைவி தயங்கவில்லை. எங்கள் அன்பியத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற கணக்காசிரியர் ஒருவர் நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்றில் கோடு போட்டுக் கொடுத்தார். தேதி, எழுந்த நேரம், எத்தனை மணிநேரம் எந்திரத்தில் உட்கார்ந்தார், விழுந்தாரா, யார் துணையோடு குளித்தார், அன்று வெயில் எப்படி. தை மாதம் தொடங்கி அவர் மனைவி நாள்தோறும் அதை எழுதினார். சில பக்கங்களில் எழுத்து அவர் மகளுடையது. பத்தாம் வகுப்பில் படிக்கிறாள். ஏப்ரல், மே மாதப் பக்கங்களில் 'எந்திரம்' என்ற கட்டம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கிறது. நரம்பியல் மருத்துவர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, தம் குறிப்போடு அதையும் சேர்த்து அனுப்பச் சொன்னார். முறையீட்டோடு அதன் நகலை வைத்து ஜூன் மாதத்தில் பதிவஞ்சலில் அனுப்பினோம். மூலக் குறிப்பேடு அவர்கள் வீட்டில் இருக்கிறது. இப்போதும் எழுதி வருகிறார்கள்.